ஏழை சொல் அம்பலம் ஏற வேண்டும்

(சட்டக் கல்லூரி மனித உரிமை மன்றத் தொடக்க விழா உரை)

விழாத் தலைவரான கல்லூரி முதல்வர் அவர்களே, ஓயாத பணிகளுக்கிடையே வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் மாவட்ட நீதிபதி அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மன்றச் செயலாளர் அவர்களே, நாளைய வழக்கறிஞர்களே, வணக்கம்.

களப் பயிற்சி, இலவசச் சட்ட உதவி, சிறைவாசிகளின் உரிமை என மூன்றையும் பேச வந்திருக்கிறேன். களப் பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அதை ஏற்றி வைப்பதற்குத்தான் கறுப்பு அங்கி. மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி வேண்டும் என்கின்றன, சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள். அந்த வாரங்களோ சீனியரின் வழக்குக் கட்டுகளைச் சுமப்பதிலும் வாய்தா குறிப்பதிலும் கரைந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், செங்கல் சூளையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்துடன் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். இறுதியாண்டு மாணவி ஒருவரும் உடன் வந்தார். விசாரித்த அதிகாரி, "முன்பணம் வாங்கினாயா?" என்றார். "வாங்கினேன் ஐயா" என்றார் அந்தத் தாய். "அப்படியானால் பாக்கியைக் கட்டு." கோப்பை மூடிவிட்டார்.

மாணவி எழுந்தார். முந்தைய நாள் மாலை முழுக்க அந்தத் தாயோடு தரையில் உட்கார்ந்து எழுதிய நோட்டு அவர் கையில் இருந்தது. "ஐயா, ஒரு கேள்வி கேட்க அனுமதிக்க வேண்டும். அக்கா, உங்கள் அம்மா இறந்தபோது ஊருக்குப் போனீர்களா?"

"போனேன் பாப்பா. பிள்ளைகள் இரண்டு பேரையும் சூளையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்."

பிள்ளைகள் பிணை; அப்படியானால் அந்த முன்பணம் வெறும் கடனல்ல, ஆளைக் கட்டிப்போடும் கொத்தடிமைக் கடன். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மாணவி படித்துக் காட்டினார். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். மூடிய கோப்பு திறந்தது. விடுவிப்புச் சான்றிதழும் வந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறியது! 15ஆம் பிரிவு நம் எல்லோருக்கும் மனப்பாடம். அம்மாவின் சாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதைத் தரையில் உட்கார்ந்தவர்தான் அறிவார்.

ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக எழுதப்பட்ட கடிதத்தையே, அடிப்படை உரிமை கேட்டுத் தொடுக்கும் ரிட் மனுவாக ஏற்று, நிலைமையை அறிய வழக்கறிஞர்களைக் குவாரிக்கு அனுப்பியது உச்ச நீதிமன்றம். கடிதம் எழுதிய கொத்தடிமை மீட்பு அமைப்பின் பெயரால் அறியப்படும், 1983இல் தீர்ப்பான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு அது. நீதிமன்றம் அனுப்பலாம், கல்லூரி அனுப்பக் கூடாதா?

மற்ற இரண்டையும் இன்னொரு மேடையில் பேசுகிறேன். கொத்தடிமைகளை மீட்கும் வேலை அதுவரை காத்திருக்காது. முதல்வர் அவர்கள் பயிற்சிக் காலத்தில் நான்கு வாரத்தையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவரான நீதிபதி அவர்கள், கொத்தடிமைக் கண்காணிப்புக் குழுவின் விசாரணைகளில் மாணவர்களைச் சேர்க்கும்படி ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மழை விட்டதும் சூளைகளில் வேலை தொடங்கிவிடும். அதற்குள் மாணவர் பட்டியல் கோட்டாட்சியரின் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.