பிறருக்காக எஞ்சின் செய்த டாய்ட்ஸ்

அவைத் தலைவர் அவர்களுக்கும், கூடியிருக்கும் நண்பர்கள் அனைவர்க்கும் என் வணக்கம்.

எஞ்சினின் வரலாறு என்றால் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நிறுவனத்தின் கதை. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1864 மார்ச் 31 அன்று ‘என். ஏ. ஓட்டோ கம்பெனி’ என்ற பெயரில் தோன்றியது அது. எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே எரிக்கும் உள்ளெரி எஞ்சினைச் செய்வதற்கென்றே உலகில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட தொழிற்சாலை என்ற சிறப்பு அதற்கு உண்டு. பலமுறை பெயர் மாறி, பல தொழில்களை வாங்கியும் விற்றும், இன்றும் டாய்ட்ஸ் என்ற பெயரில் அதே நகரில் நடந்துவருகிறது. இத்தனை காலமும் அந்த நிறுவனத்தை விடாமல் துரத்திய கேள்வி ஒன்று உண்டு: எஞ்சினை மட்டும் செய்து பிறருக்கு விற்பதா, அந்த எஞ்சின் இயக்கும் வண்டியையும் தானே செய்து விற்பதா?

நிக்கோலஸ் ஆகஸ்ட் ஓட்டோ பொறியியல் படித்தவர் அல்லர். மளிகைப் பொருள்களுக்கு ஊர் ஊராகச் சென்று ஆர்டர் பிடித்த விற்பனையாளர். பாரிஸில் லெனுவா என்பவர் 1860இல் செய்த வாயு எஞ்சினைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைவிட நல்லதொன்றைச் செய்துவிட முடியும் என்று இறங்கியவர். அவருடைய முதல் முயற்சிகள் கைப்பணத்தைக் கரைத்தன. அவருக்குத் துணையாக வந்த ஆய்கன் லாங்கன், சர்க்கரை ஆலைக் குடும்பத்தில் பிறந்து, கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றவர். எஞ்சினுக்கு ஓட்டோவின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நிறுவனத்தை உருவாக்கியவர் லாங்கன்தான் என்பது என் கருத்து. முதலும் அவருடையது, அந்த முதலை எங்கே இறக்குவது என்ற தெளிவும் அவருடையது.

அவர்கள் முதலில் விற்ற எஞ்சின் பார்வைக்கு அழகானதன்று, காதுக்கும் இனியதன்று. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டருக்குள் வாயுவும் காற்றும் கலந்து வெடிக்க, கனத்த பிஸ்டன் தடையின்றி மேலே எறியப்படும். உள்ளே வாயு குளிர்ந்து அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்றின் அழுத்தமும் பிஸ்டனின் எடையும் சேர்ந்து அதைக் கீழே தள்ளும். அப்படி இறங்கும்போது மட்டுமே ஒரு பற்சட்டம் சுழல்தண்டைப் பற்றித் திருப்பும். ஏறும்போது நழுவி, இறங்கும்போது இறுகப் பிடிக்கும் அந்தப் பிடிப்பமைப்பு லாங்கன் வடிவமைத்தது. 1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில், அமைதியாக ஓடிய லெனுவா எஞ்சினுக்கு முன்னால் இந்தக் கடகட இயந்திரத்தை நடுவர்கள் பொருட்படுத்தவில்லை. நடுவர் குழுவில் இருந்த ஃப்ரான்ஸ் ரூலோ, லாங்கனின் நண்பர், ஒவ்வொரு எஞ்சினும் எவ்வளவு வாயுவைக் குடிக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என வற்புறுத்தினார். அளந்தபோது, லெனுவா எஞ்சின் எரித்த வாயுவில் பாதிகூட இதற்குத் தேவைப்படவில்லை என்று தெரிந்தது. தங்கப் பதக்கம் கொலோனுக்குப் போயிற்று.

இதை வாங்கியவர்கள் சிறு பட்டறைக்காரர்களும் அச்சகத்தாரும். நீராவி எஞ்சின் வைத்தால் கொதிகலன் வேண்டும், அதை மூட்ட ஆள் வேண்டும், வேலை தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே தீ மூட்ட வேண்டும். வாயு எஞ்சினையோ தேவைப்படும்போது ஓட்டி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம். ஆர்டர்கள் குவியவே, 1869இல் ரைன் நதியின் மறுகரையில் உள்ள டாய்ட்ஸ் பகுதிக்குத் தொழிற்சாலை இடம் பெயர்ந்தது. 1872இல் ‘டாய்ட்ஸ் வாயு எஞ்சின் தொழிற்சாலை’ என்ற பங்கு நிறுவனமாயிற்று. அவ்வாண்டிலேயே தொழில்நுட்ப இயக்குநராக காட்லீப் டைம்லரை லாங்கன் அழைத்துவந்தார். அவருடன் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைப்புப் பொறுப்புக்கு வந்தார். பின்னாளில் மோட்டார் உலகையே ஆண்ட பெயர்கள் ஒரே கூரையின்கீழ் சம்பளம் வாங்கிய காலம் அது.

ஆனால் அந்த எஞ்சினுக்கு ஓர் எல்லை இருந்தது. மூன்று குதிரைத்திறனுக்கு மேல் அதைப் பெரிதாக்க முடியவில்லை. அந்த அளவுக்கே மிக உயர்ந்த கூரை தேவைப்பட்டது. விற்பனை தேங்கத் தொடங்கிய நேரத்தில்தான், 1876இல், ஓட்டோ தம் பழைய எண்ணத்துக்குத் திரும்பினார்: கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சு எஞ்சின். மைபாக் அதைத் தொழிற்சாலை உற்பத்திக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். 1877இல் 532ஆம் எண்ணுள்ள ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது.

இந்தக் காப்புரிமையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு பொறியாளர் தம் படைப்பைத் தாமே தவறாகப் புரிந்துகொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பிஸ்டனுக்கு அருகில் மெலிந்த கலவையும், தீ மூட்டும் இடத்துக்கு அருகில் செறிந்த கலவையும் அடுக்கடுக்காக நிற்பதால்தான் தம் எஞ்சின் அதிர்ச்சியின்றி ஓடுகிறது என்று ஓட்டோ உறுதியாக நம்பினார். காப்புரிமையிலும் அதற்கே முதன்மை தந்தார். உண்மையில் திறன் கூடியதற்குக் காரணம், எரிப்பதற்கு முன் கலவையை அழுத்தியதே. வழக்கு வந்தபோது, பிரெஞ்சுக்காரரான போ த ரோஷா 1862இல் எழுதிய ஒரு சிறு வெளியீட்டை எதிர்த்தரப்பு முன்வைத்தது. நான்கு வீச்சு முறையும், முன்கூட்டி அழுத்துவதன் பயனும் அதில் எழுதப்பட்டிருந்தன. அவர் எஞ்சின் எதையும் ஓட்டிக் காட்டியவர் அல்லர். பிரிட்டனில் 1882இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டோவின் உரிமை செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. ஆனால் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 1886 ஜனவரியில் அதன் முக்கியக் கூறுகளைச் செல்லாதவை ஆக்கியது. அதே மாதத்தில்தான் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். நியாயம் ஓட்டோவின் பக்கம் என்று நினைப்பவன் நான்; ஆயினும் அந்தத் தீர்ப்பு வராமல் இருந்திருந்தால் மோட்டார் தொழில் அவ்வளவு விரைவில் பரவியிருக்காது.

இதற்குள் டைம்லர் போய்விட்டார். அவர் விரும்பியது வண்டியில் ஏற்றக்கூடிய சிறிய, வேகமான எஞ்சின். நிறுவனமோ ஒரே இடத்தில் நின்று உழைக்கும் கனத்த எஞ்சினில் நல்ல வருவாய் கண்டது. ஓட்டோவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1882இல் மைபாக்கை உடனழைத்துக்கொண்டு ஸ்டுட்கார்ட் அருகே உள்ள கான்ஸ்டாட் சென்று தனியே வேலையைத் தொடங்கினார். இதை டாய்ட்ஸின் பெரும்பிழை என்று எழுதுவோர் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையும் எரிபொருளும் வாங்குவோரும் இல்லாத ஒரு பொருளுக்காக, நன்றாக விற்கும் பொருளை அவர்கள் கைவிட்டிருக்க முடியாது. மான்செஸ்டரின் கிராஸ்லி சகோதரர்கள், வியன்னாவின் லாங்கன்–வுல்ஃப், ஃபிலடெல்ஃபியாவின் ஷ்லைக்கர்–ஷும் ஆகியோர்க்கு உரிமம் கொடுத்தே அவர்களால் உலகெங்கும் பரவ முடிந்தது. மேலும், காந்தத்தின் துணையால் மின்பொறி எழுப்பும் தீமூட்டியை ஓட்டோ 1884இல் உருவாக்கினார்; அது நகரின் வாயுக் குழாயிலிருந்து எஞ்சினை விடுவித்து, திரவ எரிபொருளுக்கு வழி திறந்தது.

ஓட்டோ 1891இலும் லாங்கன் 1895இலும் மறைந்தனர். லாங்கன் வகுத்த தொங்கும் ரயில் முறை வுப்பர்டால் நகரில் 1901 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை இடையே குறிப்பிட வேண்டும். 1907இல், பின்னாளில் தம் பெயரிலேயே கார் செய்து புகழ்பெற்ற எத்தோரே புகாட்டியை அமர்த்திக் கார் செய்யும் ஆசையும் டாய்ட்ஸுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் விலகிவிட்டார். டீசல் எஞ்சின் பக்கம் திரும்பிய பின்புதான் நிறுவனத்துக்கு உறுதியான காலூன்றல் கிடைத்தது.

1930இல் ஹும்போல்ட் நிறுவனத்துடன் இணைப்பு, 1936இல் மாகிருஸ் லாரி நிறுவனம் கைவசம், 1938இல் க்ளோக்னர்–ஹும்போல்ட்–டாய்ட்ஸ் என்ற நீண்ட பெயர் என்று அடுத்தடுத்து நடந்தன. போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளர்களைக் கொண்டு உற்பத்தி நடந்ததை இந்த வரலாற்றிலிருந்து மறைத்துவிட முடியாது. அதே காலத்தில் உருவானதே காற்றால் குளிரும் டீசல் எஞ்சின். நீர் இல்லை என்றால் உறைவதும் இல்லை, கொதிப்பதும் இல்லை. சைபீரியாவில் பைக்கால்–ஆமூர் ரயில்பாதை அமைக்க 1970களின் நடுவில் சோவியத் அரசு ஏறத்தாழ 9,500 மாகிருஸ்–டாய்ட்ஸ் லாரிகளை வாங்கியதற்கு இதுவே காரணம்.

அதன் பிறகு நடந்தது விரிந்ததைச் சுருக்கும் வேலை. 1975இல் லாரிப் பிரிவு இவெகோ என்ற கூட்டு லாரி நிறுவனத்தில் சேர்ந்தது. 1985இல் அமெரிக்காவின் அல்லிஸ்–சால்மர்ஸ் வேளாண் பிரிவை வாங்கி, ஐந்தே ஆண்டுகளில் விற்றார்கள். வாங்கிய அமெரிக்க மேலாளர்கள் அதை அக்கோ என்ற பெரு நிறுவனமாக வளர்த்தது வேறு கதை. 1995இல் சொந்த டிராக்டர் பிரிவும் இத்தாலியின் சேம் நிறுவனத்துக்குப் போயிற்று. மறு ஆண்டு, சிமெண்ட் ஆலைகள் அமைக்கும் துணை நிறுவனம் சவுதி அரேபிய ஒப்பந்தங்களில் ஏற்பட்ட பெருநட்டத்தை மறைத்துவந்தது வெளிப்பட்டு, நிறுவனமே மூழ்கும் நிலை வந்தது. மீண்டெழுந்தபோது, 1997இல், டாய்ட்ஸ் என்ற ஒற்றைப் பெயர் மிஞ்சியது. தொழிலும் பெரும்பாலும் எஞ்சின் மட்டுமே.

எஞ்சின் மட்டும் விற்பவருக்கு ஓர் இடர் உண்டு: பெரிய வாடிக்கையாளர் நாளை தாமே எஞ்சின் செய்துகொள்ளலாம். பெரிய வாடிக்கையாளரான வால்வோ நிறுவனமே டாய்ட்ஸின் கால் பங்கை வைத்திருந்து 2017இல் விற்றுவிட்டது. அவ்வாண்டில் டாய்ட்ஸ் வாங்கிய படகு மின்மோட்டார் நிறுவனமான டார்கீடோ, 2024இல் யமஹாவிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் ஹைட்ரஜன் எஞ்சின் ஒன்றைச் செய்து, கொலோன் நகரிலேயே மின்னாக்கியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மண்வெட்டி இயந்திரமும் ஃபோர்க்லிஃப்டும் செய்வோர் பேட்டரியின் பக்கம் சாய்ந்துவரும் நேரத்தில் இதற்கு எவ்வளவு கிராக்கி இருக்கும் என்பது ஹைட்ரஜனின் விலையைப் பொறுத்தது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், வினாக்கள் இருந்தால் கேட்கலாம்.