கரும்பலகையில் ஒரு எண்

திருநெல்வேலி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

புகைப்பழக்கத்தை விடுவது பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1983-இல் முதல் சிகரெட், 2009 தை மாதம் கடைசி சிகரெட். கடைசி என்று சொன்னேனா? அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நடுவில் இருந்த 26 வருஷமும் நாளைக்கு ஒரு பாக்கெட், பத்து சிகரெட்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. பீடி சுற்றும் அம்மாக்கள், அக்காக்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். என் அம்மாவும் அப்படி ரேடியோ கேட்டுக்கொண்டே சுற்றியவள்தான். ஆயிரம் பீடி கணக்கு முடியாமல் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து நூல் கட்டுவாள். என் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அந்தத் தட்டிலிருந்து வந்தது. அதனால் உங்கள் பிழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அம்மா ஒரு நாளும் ஒன்றைப் பற்றவைத்ததில்லை. பற்றவைத்தவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓடியது பாபநாசம் வண்டி. வண்டி போய் நின்றதும், கடைசி ஆள் படியிறங்கும் முன்னே என் கை சட்டைப் பைக்குள் இருக்கும். நான் யோசித்துச் செய்வதில்லை, கைக்கே தெரியும். டீ கிளாஸ் வந்தால் சிகரெட். கலெக்‌ஷன் குறைந்தால் சிகரெட். சில்லறைக்கு யாராவது சண்டை போட்டால், சண்டை முடிந்ததும் சிகரெட். இழுத்த புகையிலிருந்து நிகோடின், அதாவது நம்மை அடிமையாக்கும் சரக்கு, மூளைக்குப் போய்ச் சேர சுமார் 10 வினாடிதான் ஆகும் என்கிறார்கள். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு நூறு தடவை. நூறு தடவை மூளைக்குக் கூலி கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். அது சும்மா விடுமா?

2009-க்கு முன் நான் ஐந்து தடவை விட்டிருக்கிறேன். ஐந்தும் ரகசியம். யாருக்கும் தெரியாமல் விட்டேன், யாருக்கும் தெரியாமலேயே திரும்பத் தொடங்கினேன். தோற்றால் யாரும் கேட்க மாட்டார்களே, அந்த வசதிக்குத்தான் ரகசியம். எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. "மன உறுதி இருந்தா விட்டுரலாம்" என்று தனியாக உட்கார்ந்து பல்லைக் கடிப்போம். யார் துணையும் இல்லாமல் விடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டுகிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது, நான் மட்டும் கோழை இல்லை என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆறாவது தடவை ரகசியம் காக்க முடியவில்லை. டிரைவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் வாய் சும்மா இருக்காது. நான் டீக்கடைக்குப் போவதற்குள் சங்கதி போய்விட்டது. வழக்கம்போல் டீயை வாங்கிக்கொண்டு உதிரி சிகரெட்டுக்குக் கையை நீட்டினேன். பழக்கதோஷம்தான், விட்டுவிட்டேன் என்பதே மறந்துபோயிருந்தது. கடைக்கார அண்ணாச்சி கையில் கடலை மிட்டாயை வைத்தார். "தம்பி, இனிமே உங்களுக்கு இந்தக் கடையில இதுதான்" என்றார். சிகரெட் விற்கிற மனுஷன், கவனியுங்கள்!

அதோடு விட்டாரா? கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. இட்லி, உளுந்த வடை, சுக்கு காபி என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே ‘கண்டக்டர் – 1’ என்று எழுதினார். மறுநாள் 2. அதற்கு மறுநாள் 3. டீ குடிக்க வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படித்தான். "என்ன கண்டக்டர், நாளைக்குப் பன்னெண்டா?" என்று வண்டிக்குள் கேட்பார்கள். ஒரு நாள் பீடி இலைக் கட்டோடு ஏறிய ஒரு பாட்டி, "போர்டுல 17 போட்டிருக்கே, புது பஸ்ஸு நம்பராய்யா?" என்று கேட்டாள். வண்டியே சிரித்தது. நான் காரணத்தைச் சொன்னேன். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு போக மிச்சச் சில்லறையை என் கையில் திணித்து, "முட்டாயி வாங்கித் தின்னு" என்றாள்.

முதல் மூன்று நாள்தான் மோசம். தலை கனக்கும், தூக்கம் வராது, கோபம் வரும். இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் உடம்பு பெரும்பாலும் அடங்கிவிடும். இருமல் மட்டும் முதலில் கொஞ்சம் கூடுகிற மாதிரி இருக்கும். நெஞ்சு தன்னைத் துப்புரவு செய்துகொள்கிறது, பயப்பட வேண்டாம். நப்பாசை ஒவ்வொரு தடவை வரும்போதும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நிமிஷத்தைத் தள்ளிப்போட ஒரு டம்ளர் தண்ணீரோ ஒரு மனுஷனோ போதும்.

இப்போது அந்தத் திருத்தம். 44-ஆம் நாள் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போனேன். நெருங்கிய கூட்டாளி. பந்தலடியில் தாம்பாளத்தில் வெற்றிலை, பீடி, சிகரெட் எல்லாம் வைத்திருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், துக்க வீட்டில் அதை மறுப்பது மரியாதைக் குறைவு மாதிரி ஒரு எண்ணம் நமக்கு. ஒன்று எடுத்துப் பற்றவைத்துவிட்டேன். மறுநாள் டீக்கடைக்குப் போகக் கால் வரவில்லை. இரண்டு நாள் வண்டியை விட்டே இறங்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சியே டீயோடு வண்டிக்கு வந்துவிட்டார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது போல.

"எத்தன தம்பி?" என்றார்.

"ஒண்ணு."

"நாப்பத்திமூணு நாளைக்கு எத்தன வந்திருக்கணும்?"

நான் கண்டக்டர் இல்லையா, கணக்கு உடனே வந்துவிட்டது. "நானூத்தி முப்பது."

"அதுல ஒண்ணு. ஒரு நாள் மட்டம் போட்டா உங்க பழைய சர்வீஸையெல்லாம் அழிச்சிருவாங்களா?"

போர்டை அவர் அழிக்கவே இல்லை. நான் வராத இரண்டு நாளையும் சேர்த்து எண்ணை ஏற்றியிருந்தார். இதை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் மறுபடி கேட்பதானால் மன்னிக்கவும். அன்றைக்கு அவர் "நான் அப்பவே சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் கடையிலேயே ஒரு பாக்கெட் வாங்கியிருப்பேன். நிச்சயமாக வாங்கியிருப்பேன்.

அண்ணாச்சி செய்ததற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். அங்கே சுமார் 12,000 பேரை 1971 முதல் 2003 வரை கவனித்த ஆராய்ச்சி, 2008-இல் வெளிவந்தது. கணவனோ மனைவியோ சிகரெட்டை விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பன் விட்டால் 36 சதவீதம். சின்ன இடத்தில் நம்மோடு வேலை பார்ப்பவர் விட்டால் 34 சதவீதம். ஆட்கள் ஒவ்வொருவராக உதிரவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார்கள். எங்கள் டெப்போவிலும் அப்படித்தான், எனக்குப் பின்னால் இரண்டு டிரைவர், ஒரு மெக்கானிக். மெக்கானிக் பீடி. "பீடிதானே, இலைதானே" என்பார் அவர். பீடிப் புகையில் உள்ளே போகும் நிகோடினும் தார் என்கிற புகைக் கசடும் சிகரெட்டை விட அதிகம்தான், குறைச்சல் இல்லை.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கு. என் மனைவி முதல் மாதம் தினமும் சட்டையை மோந்து பார்ப்பாள். பாவம், அவளுக்கு அக்கறை. ஆனால் எனக்கு என்னவோ டிக்கெட் எடுக்காமல் வந்த பயணியைச் செக்கர் பிடிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்ற ஆள் குடித்த புகைக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும்! இன்னொரு பக்கம், நான் எரிந்து விழுவது தாங்காமல் ஐந்தாம் நாள், "இப்படிக் கத்துறதுக்கு நீங்க அதக் குடிச்சே தொலைங்க" என்றும் சொன்னாள். சிரிக்காதீர்கள், பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதுதான் நடக்கும். அந்தக் கோபம் சில வாரத்து விருந்தாளி, அதற்காக மறுபடி கையில் சிகரெட்டைக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு அவளே மோந்து பார்ப்பதை விட்டாள். காலையில் சட்டைப் பையில், பழைய இடத்தில், நாலு கிராம்பைக் காகிதத்தில் மடித்து வைத்துவிடுவாள். கை தானாகப் போகும் இடத்தில் கிராம்பு இருந்தது.

கூட்டாளிகளுக்கும் ஒன்று. "அதான் விட்டாச்சே, ஒண்ணே ஒண்ணு அடிச்சா என்ன" என்று சோதித்துப் பார்ப்பது விளையாட்டு இல்லை. ஆறு மாதம் கழித்துக்கூட அது கொக்கி போட்டு இழுக்கும். வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன என்பவர்களுக்கு: பிரிட்டனில் 1951 முதல் ஐம்பது வருஷம் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கும் சுமார் 3 வருஷ ஆயுள் கூடியிருக்கிறது, 50-இல் விட்டால் 6 வருஷம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் இருக்கிறதாம். மருந்தைப் பற்றிக் கடைசியில் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், அண்ணாச்சி நேரத்தைத் தின்றுவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. பபுள்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். டீ, காபி குடித்தவுடன் போட்டால் சரியாகப் பிடிக்காது, கால் மணி நேரம் விட வேண்டும். மாத்திரையும் உண்டு, அது டாக்டர் சொல்லித்தான்.

அப்புறம் தொலைபேசி. நான் விட்ட காலத்தில் இது இல்லை, எனக்கு டீக்கடை போர்டுதான். உங்களுக்கு அரசு நடத்தும் இலவச எண் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள்: 1800-11-2356. மறுபடி சொல்கிறேன், 1800, 11, 2356. பென்சில் கைக்கு வராதவர்கள் கவலைப்பட வேண்டாம், 2018 முதல் சிகரெட், பீடிக் கட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தூக்கிப் போடும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வணக்கம்.