தாத்தாவின் ஜப்பானிய வாள்: துருவைத் தேய்க்கலாமா?

சிங்கப்பூரின் செம்பவாங்கிலிருந்து ஒரு தம்பி படத்தோடு கேட்டிருக்கிறார்: "தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் அவர் கைக்கு வந்த ஜப்பானிய வாள் இது. உப்புத்தாளால் துருவைத் தேய்க்கலாமா? எந்த வருஷத்து வாள்?"

தம்பி, முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

படத்தில் பிடிக்குக் கயிறு சுற்றி, நடுவில் மூங்கில் ஆணி தெரிகிறது. அதனால் இது அதிகாரி வைத்திருந்த வகை. சார்ஜெண்டுகளுக்கு 1935இல் வந்த வாள் என்றால் பிடியே உலோக வார்ப்பாக இருக்கும், அலகில் வரிசை எண்ணும் அடித்திருக்கும். சரி, பிடியும் உறையும் 1930களின் ராணுவ அமைப்பு. ஆனால் அதை வைத்து வாளின் வயதைச் சொல்லக் கூடாது. பல அதிகாரிகள் குடும்பத்துப் பழைய அலகுக்கு ராணுவப் பிடி போட்டுக்கொண்டு போருக்கு வந்தவர்கள். பிடிக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும், அலகுக்கு முந்நூறுகூட இருக்கலாம்.

உண்மையான வயது பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில்தான், அதாவது அலகின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. மூங்கில் ஆணியை அதன் மெல்லிய முனையிலிருந்து மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் பிடி கழன்று வரும். காம்பின் ஒரு பக்கம் செய்தவர் பெயர், மறுபக்கம் சிலவற்றில் தேதி வெட்டியிருக்கும். ஷோவா 17 (ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சி ஆண்டுக் கணக்கு) என்றிருந்தால் 1925ஐக் கூட்டுங்கள்: 1942, சிங்கப்பூர் விழுந்த வருஷம். எழுத்தே இல்லையென்றாலும் கவலை வேண்டாம், துரு பேசும். போர்க்காலக் காம்பில் அது இளசாக இருக்கும். நூற்றாண்டுகள் கண்ட காம்பில் கறுத்து, இரும்போடு ஒன்றிப்போயிருக்கும். அந்தத் துருவைச் சுரண்டினால் வாளின் பிறப்புச் சான்றிதழையே கிழித்த மாதிரி. தயவுசெய்து காம்பின் துருவில் கை வைக்காதீர்கள்.

அலகையும் தேய்க்க வேண்டாம். விளிம்பை ஒட்டி அலையாக ஓடும் வெண்கோடு உப்புத்தாளில் மங்கிப்போகும். அதைத் தீட்டுவது பயின்றவர்கள் கல்லால் செய்கிற வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, மெல்லிய துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை லேசாகப் பூசுவது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அடிக்கடி எடுத்துப் பாருங்கள். கைரேகை பட்ட இடத்திலும் துரு பிடிக்கும். குத்துவிளக்குக்குப் போடுகிற புளி இதன் பித்தளைக்கு வேண்டாம். ஆயுத பூஜையில் வைப்பீர்கள் என்றால் பொட்டைத் தட்டில் வையுங்கள், அலகில் வேண்டாம்.

அப்புறம், காம்பின் இரு பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எழுத்து இருந்தால் சேர்ந்து படிப்போம்.