சுவரில் இருக்கும் ரங்கூன் அக்கா

நேயர்களுக்கு வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டே கொஞ்சம் நிமிர்ந்து உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். தாத்தா பாட்டியோடு எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றாவது மாட்டியிருக்கிறதா? டிவியும் காலண்டரும் மட்டும்தான் என்றால், இன்றைக்கு நான் பேசப்போவது உங்களோடுதான்.

எங்கள் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. 1965-இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. நாற்காலியில் தாத்தாவும் பாட்டியும், பின்னால் பெரியப்பாவும் அத்தையும், கீழே ஜமுக்காளத்தில் எட்டு வயது அப்பா. தாத்தா கையில் இருக்கும் கடிகாரம் ஸ்டூடியோக்காரர் படத்துக்காகக் கட்டிவிட்டது. அப்பாவின் வலது பாதம் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கும். அசையாதே என்று சொன்ன அந்த நொடியில் எறும்பு கடித்துவிட்டதாம். இந்த எறும்புக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், ஏனென்றால் யார் வீட்டுக்கு வந்தாலும் காபி வருவதற்குள் அவர்கள் கண் அந்தப் படத்துக்குப் போய்விடும், "இது யாரு?" என்பார்கள், உடனே அப்பா ஆரம்பித்துவிடுவார்.

படத்தின் ஓரத்தில் இன்னொரு பெண் நிற்கிறார். ஒல்லி, கழுத்தில் ஒன்றும் இல்லை, கை புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கிறது. "யாரோ சொந்தம்" என்பதற்கு மேல் அப்பாவுக்குத் தெரியாது. அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்துக் கண்ணாடி விரிசல் விட்டது என்று சட்டத்தைக் கழற்றினோம். பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்து, பென்சிலில்: ஓரத்தில் ரங்கூன் அக்கா.

அத்தைக்குப் போன் போட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் அத்தை நிறுத்தவில்லை. 1964-இல் பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்களே, அதில் வந்தவர். பாட்டிக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஒரு தகரப் பெட்டியோடு வந்து நாலு மாதம் இருந்திருக்கிறார். அவருடைய கல்யாணப் படம், பிள்ளைகள் படம் எல்லாம் ரங்கூன் வீட்டுச் சுவரிலேயே நின்றுபோயின. எங்களுக்குத் தெரிந்து அவருக்கு மிஞ்சிய ஒரே படம் இதுதான். அந்த ஒரு வரி பென்சில் எழுத்து இல்லையென்றால் அவர் இன்றைக்கும் யாரோ சொந்தம்தான்.

போனில் படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஆனால் வந்த விருந்தாளி உங்கள் போனைத் திறந்து இது யாரு என்று கேட்பதில்லையே! என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் முழுக்க ஒரு போனோடு போய்விட்டன. பிரிண்ட் போட்டு அம்மாவுக்கு அனுப்பியிருந்த ஒன்றே ஒன்றுதான் இப்போது எங்களிடம் இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. நன்றாகக் கழுவிப் போட்ட பிரிண்ட் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். எழுபதுகளின் கலர் படங்கள் சாயத்தால் ஆனவை, பெட்டிக்குள் இருந்தாலும் நீலம் வெளிறிச் சிவப்பேறிவிடும். அந்த வெள்ளிக்காகவே பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்கள் எத்தனையோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான், ஆனால் இந்த ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள்.

சரி, பாதுகாப்பதைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். ஓதம் ஏறும் சுவர் வேண்டாம், வெயில் படும் சுவரும் வேண்டாம். ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் பதமாக வெளியே எடுத்துவிடுங்கள். பின்பக்கம் பெயர், ஊர், வருஷம். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தையோ பெரியம்மாவோ வந்தால் ஆல்பத்தையும் ஒரு பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வணக்கம்.