கரண்ட் பில் யார் கட்டுவது?

அவையோருக்கு வணக்கம். பசுமை ஆய்வகக் கட்டடம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் பேசப் போவது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி. கட்டடக் கலைஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆய்வகத்தில் மின்சாரத்தை விழுங்குவது காற்று. அலுவலகத்தில் ஏசி குளிர்வித்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். வேதியியல் ஆய்வகத்தில் அது ஆகாது. உள்ளிருப்பதை மொத்தமாக வெளியேற்றி, அதே அளவு வெளிக்காற்றை இழுத்து, ஈரம் எடுத்து, குளிரவைத்து உள்ளே விட வேண்டும். மணிக்கு 6 முதல் 12 முறை அறைக்காற்று மாறுவது சாதாரணம். கடலோரப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்! நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுப் பெட்டிக்கு ஃபியூம் ஹூடு என்று பெயர். அப்படி ஒரே ஒரு ஹூடுக்கு ஆகும் எரிசக்தி அமெரிக்காவில் சுமார் மூன்றரை வீடுகளுக்குப் போதும் என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் கணக்குப் போட்டார்கள்.

மிச்சம் பிடிக்கவும் அங்கேதான் வழி. ஹூடின் கண்ணாடிக் கதவை இறக்கினால் காற்றும் தானாகக் குறையும்படி அமைக்கலாம். ஒரே காற்றுக் குழாய் அமைப்பில் காற்றின் அளவை 20 சதவீதம் குறைத்தால் மின்விசிறி எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது. விசிறியின் மின்சாரம் காற்றளவின் மும்மடிக் கணக்கில் மாறும்: 0.8 × 0.8 × 0.8 போடுங்கள், 0.512 வரும். குழாயை அகலமாகப் போட்டாலும் விசிறி திணறாது.

இதெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பிறகு ஏன் நடப்பதில்லை? குழாய் அகலமானால் தளத்தின் உயரம் கூடும். அது மேலேறும் இடமும் வாடகைப் பரப்பைத் தின்னும். அந்தச் செலவு, கட்டி வாடகைக்கு விடுகிற டெவலப்பர் தலையில். மிச்சமாகும் கரண்ட் பில்லோ குடிவருகிறவர் பையில். டெவலப்பர் ஏன் செய்வார்? நானாக இருந்தாலும் செய்ய மாட்டேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கும் இதே சிக்கல் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செம்ஸ்ஃபோர்டில் 2001-ல் திறந்த ஆய்வகமும், கன்சாஸ் மாநிலத்தின் கன்சாஸ் சிட்டி ஆய்வகமும் அதற்குச் சொந்தமில்லை. தனியார் கட்டிக் கொடுக்க, வாடகைக்கு எடுத்தவை. பசுமை நிபந்தனைகளை டெண்டரிலேயே எழுதிவிட்டார்கள். கட்டுபவரும் அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் வாடகை கேட்டார். இரண்டும் பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுத் தரும் லீட் (LEED) தங்கச் சான்று பெற்றன. கன்சாஸ் சிட்டியில் கூரை மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவருக்கும் விட்டார்கள். டெவலப்பரைத் தேர்ந்தெடுத்த பிறகு போய்க் கேட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பில் வந்திருக்கும்.

சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். அதற்கான புள்ளிகளில் பெரும்பாலானவை வடிவமைப்புக்குக் கிடைப்பவை. பூட்டிய ஆய்வகத்தில் இரவு முழுக்க விசிறி முழு வேகத்தில் ஓடுவதை அவை தடுக்காது. கட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்கும் கமிஷனிங் பொறியாளருக்குச் சம்பளம் குடிவருகிறவரே கொடுக்கட்டும். முதல் ஆண்டு மின்செலவு பேசிய அளவைத் தாண்டினால் வாடகையில் கழிக்கலாம் என்று ஒரு ஷரத்து போடுங்கள். காற்றோட்டத்துக்கும், ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் தனித்தனி மீட்டர் கேளுங்கள். விலை குறைக்கப் பேரம் நடக்கும்போது முதலில் அடிபடுவது அந்த மீட்டர்கள்தான். அது இல்லாவிட்டால் ஷரத்தை வைத்து ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது.