ஜோர்டனின் கண்ணீரும் நம்ம ஃபோனும்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, பின்வரிசையில் ஃபோனை மடியில் ஒளித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரே, வணக்கம். ஒளிக்க வேண்டாம். இன்றைக்குப் பேச வந்ததே அதற்குள் இருப்பதைப் பற்றித்தான்.

கூடைப்பந்து மீம்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "சேர், நம்ம தோட்டத்துல கூடைப்பந்து கோர்ட்டே இல்லையே!" இல்லைதான். 1991இலிருந்து கரப்பந்துதான் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு முன்னால் ரெண்டு கம்பு நட்டு வலையைக் கட்டிவிட்டால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். ஆனால் பாடசாலை மைதானத்தில் வலைப்பந்துக் கம்பம் நிற்கிறதல்லவா? அதன் வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வளையமும் அதே 3.05 மீற்றர்தான். கூடைப்பந்திலிருந்து பிரிந்து வந்த விளையாட்டுத்தான் வலைப்பந்து. அதன் வளையம் கொஞ்சம் சின்னது, பின்னால் பலகை கிடையாது, அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகள் பயிற்சி முடித்துக் கிளம்பியதும் பையன்கள் அந்தக் கம்பத்துக்குத்தான் வருகிறார்கள். தூரத்தில் நின்று என்.பி.ஏ. வீரர் ஸ்டெஃபன் கரி மாதிரி எறிந்து பார்க்கிறார்கள். பலகை இல்லாததால், தவறிய பந்து நேரே தேயிலைக்குள் உருண்டு போகும். எறிந்தவனே சரிவில் இறங்கி, காலில் அட்டையோடு அதை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதனால்தானோ என்னவோ, எங்கள் பையன்கள் குறி பார்த்துத்தான் எறிகிறார்கள்.

இன்னொரு சங்கதி, நேரம். என்.பி.ஏ. இறுதிப் போட்டி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு எட்டரைக்குத் தொடங்கினால் இங்கே காலை ஆறு மணி. பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, ஆள் சேரப்போகும் நேரம். அம்மா கொழுந்துக் கூடையைத் தேடுவாள், தங்கச்சி சீருடையைத் தேடுவாள். அந்த நேரத்தில் ஒருவன் இரண்டரை மணி நேரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டேட்டாவும் தாங்காது. ஆகவே நம்ம பிள்ளைகளில் பலர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டத்தின் மீமைப் பார்க்கிறார்கள். அதன் வழியாகத்தான் ஆட்டத்துக்குள் வருகிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாசல் எதுவாக இருந்தால் என்ன, உள்ளே வந்தால் சரி.

சிலர் உள்ளே வராமலே வாசலில் நின்றுவிடுவதும் உண்டு. வாயைக் கோணிக்கொண்டு, 'போடா' என்பதுபோல் சிரிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் உங்களுக்குத் தெரியும். நம்ம ஃபேஸ்புக் பக்கங்களிலும் ஒரு காலத்தில் அது இல்லாத கொமென்ட் பகுதி கிடையாது. அது யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர் யாவ் மிங். சீனாக்காரர், 2.29 மீற்றர் உயரம். 2002இல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தெரிவுசெய்தபோது முதல் தெரிவாக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குப் போனவர். 2009இல் ஒரு செய்தியாளர் சந்திப்பில் சக வீரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு அது. அடுத்த வருடம் யாரோ அதைக் கோடாக வரைந்து இணையத்தில் விட்டார்கள். அத்தோடு ஆள் வேறு, முகம் வேறு என்றாகிவிட்டது.

அதைவிடப் பெரிய முகம் ஜோர்டனுடையது. 2009 செப்டம்பரில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் மைக்கேல் ஜோர்டனைச் சேர்க்கிறார்கள். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டிப் பந்தை எறியவைத்த அதே ஊர். ஆறு முறை சம்பியன் ஆன மனிதர் மேடை ஏறுகிறார், பேச வாய் வரவில்லை, கன்னமெல்லாம் கண்ணீர். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஸ்டீஃபன் சவோயா அதைப் படம் பிடித்தார். பிறகு ஜோர்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னை மட்டம் தட்டியவர்களின் கணக்கை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். பள்ளிக்கூடத்தில் தனக்குப் பதிலாக அணிக்கு எடுக்கப்பட்ட பையனைக்கூட அவர் விடவில்லை. அந்த மனிதரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்! பேச்சு மறந்துவிட்டது. கண்ணீர் மட்டும் நின்றது.

2015, 2016 வாக்கில் அந்த அழும் முகத்தை வெட்டி, தோற்றவர் எல்லார் தலையிலும் ஒட்டத் தொடங்கினார்கள். உச்சம் எது தெரியுமா? 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. ஜோர்டன் படித்த வட கரோலினா, கடைசி விநாடி எறிதலில் வில்லனோவாவிடம் 77–74 என்று தோற்றது. ஜோர்டனே பார்வையாளர் வரிசையில் இருந்தார். விடுவார்களா? ஜோர்டனின் முகத்தின் மேலேயே ஜோர்டனின் அழுத முகத்தை ஒட்டிவிட்டார்கள்.

2020 பெப்ரவரியில், மறைந்த கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்டின் நினைவுக் கூட்டத்தில் ஜோர்டன் மறுபடி மேடையில் அழுதார். அழுதுகொண்டே, இனி இன்னொரு அழுகை மீமை நான் பார்த்தாக வேண்டும் என்றார். துக்க வீட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். தன்னைக் கேலி செய்த படத்தையே எடுத்து இறந்தவனுக்கு மாலையாகப் போட்ட இடம் அது.

நல்ல மீம் போட ஆட்டத்தை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். 2018 மே 31, என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டம். கிளீவ்லண்ட், கோல்டன் ஸ்டேட் இரண்டும் 107–107. இன்னும் 4.7 விநாடி. கிளீவ்லண்டின் ஜோர்ஜ் ஹில் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை, அதாவது யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பை, தவறவிடுகிறார். பந்து அதே அணியின் ஜே.ஆர். ஸ்மித்தின் கையில், வளையத்துக்குக் கீழேயே. எறிந்தால் முடிந்தது கதை. அவரோ பந்தைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறார், தாங்கள் முன்னிலையில் இருப்பதாக நினைத்தவர்போல. சக வீரர் லெப்ரோன் ஜேம்ஸ் இரண்டு கையையும் விரித்து வளையத்தைக் காட்டுகிறார். அன்று தனி ஆளாக 51 புள்ளி எடுத்த மனிதர்! மேலதிக நேரத்தில் கிளீவ்லண்ட் 124–114 என்று தோற்றது. அந்த விரிந்த கைதான் படம். எத்தனை புள்ளி, எத்தனை விநாடி என்று தெரிந்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு வலிக்கும். தெரியாதவனுக்கு யாரோ கையை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

எதிரணியான கோல்டன் ஸ்டேட்டில் நிக் யங் இருந்தார் என்பது என் சொந்தச் சந்தோஷம். முகத்தைச் சுற்றிக் கேள்விக்குறிகள் பறக்கும் படத்தின் நாயகன் அவர். ஒரே தொடரில் இரண்டு மீம் நாயகர்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. வடிவேலு முகம் இல்லாமல் ஒரு நாளைக் கழிக்க முடியாத இனம் நாம். 2019 மே மாதம், சுத்தியல் படம் ஒன்றுக்குக் கீழே ஒருவர் எழுதிய பதிலிலிருந்து நேசமணிக்கு உலகமெல்லாம் பிரார்த்தனை நடந்ததே! நேசமணி யாரென்று அமெரிக்காக்காரன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். யாவ் மிங்குக்கு நாம் செய்ததற்கு அது பதில்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. ஜோர்டன் பெரும் கோடீஸ்வரர், அவர் பெயரில் சப்பாத்து விற்கிறது. ஜே.ஆர். ஸ்மித் 2020இல் அதே லெப்ரோனோடு லேக்கர்ஸ் அணியில் மறுபடி சம்பியன் ஆனார். கலாய்ப்பு அவர்களுக்கும் வலித்திருக்கும். ஆனால் தாங்குவதற்கு முதுகு இருந்தது. நம்ம தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள். மலையில் நின்று பாடியவர்கள் யாரைக் கிண்டல் செய்தார்கள்? கங்காணியை, கணக்கப்பிள்ளையை, துரையை. கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த பக்கத்து நிரைக்காரியையா கிண்டல் செய்தார்கள்? அவளும் சேர்ந்துதானே பாடினாள்!

போன வருடம் ஒரு வலைப்பந்துப் போட்டி. எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டேன். பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும். மழை ஈரத்தில் பந்து வழுக்கியது, பிள்ளை தவறவிட்டாள், அணி தோற்றது. அன்று இரவே அந்தக் காட்சி மெதுவாக ஓடியது, பின்னணியில் இசை, மேலே ஜோர்டனின் அழுத முகம். செய்தது வெளியாள் இல்லை, அவள் ஏறிப்போகும் பஸ்ஸிலேயே போகிற பையன்கள். அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அப்பா, "ஆட்டம் போதும்" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஊர் முழுக்க ஃபோனில் மகளைப் பார்த்துச் சிரித்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தப் பையன்களிடம் பேசினேன். கெட்ட பிள்ளைகள் இல்லை. "சும்மா ஃபன்னுக்கு சேர்" என்றார்கள். ஜோர்டனுக்குச் செய்ததைத்தான் அவளுக்கும் செய்தோம் என்பது அவர்கள் வாதம். ஜோர்டனைப் பார்க்க ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரும் காத்திருப்பதில்லை, அவள் தினமும் அங்கேதான் நிற்கிறாள் என்றேன். வீடியோவை எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே ஷெயார் ஆனதை யார் எடுப்பது?

மீம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. செய்யுங்கள், ஆனால் ஆளைத் தாழ்த்தாமல் உயர்த்திச் செய்யுங்கள். உயர்வு நவிற்சி என்ற அணியைத் தமிழ்ப் பாடத்தில் சும்மாவா படித்தீர்கள்? 2009, 2018இல் ஆசியச் சம்பியனான நம்ம வலைப்பந்து அணிகளில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடினாரே, இரண்டு மீற்றரைத் தாண்டிய உயரம். அவர் கையைத் தூக்கினால் வளையம் குனிந்து வணக்கம் சொல்லும் என்று ஒரு மீம் போடுங்கள், நானும் ஷெயார் பண்ணுகிறேன்.

துண்டுச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. "ஜோர்டன் பெரிசா, லெப்ரோன் பெரிசா?" இதற்காகத்தான் பலர் வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. காமனை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய லாவணி பாடிய ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை அலுக்காது. லெப்ரோன் நாலு கிண்ணம் எடுத்தவர், 2023 பெப்ரவரியில் கரீம் அப்துல் ஜபாரின் என்.பி.ஏ. சாதனையான 38,387 புள்ளிகளைத் தாண்டியவர். எல்லாம் சரி. ஜோர்டன் ஆறு இறுதித் தொடர் ஆடினார், ஆறிலும் கிண்ணம். நான் ஜோர்டன் கட்சி. லெப்ரோன் கட்சிக்காரர் யாராவது இருந்தால் மேடைக்கு வரலாம். மைக் இங்கே இருக்கிறது.