பெருவிரல் போட்டால் போதுமா?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெக்கையிலும் எழும்பிப் போகாமல் இருக்கிற கிளிநொச்சி மக்களே, வணக்கம்.

"பிரிந்துபோன கல்லூரி நண்பர்களைச் சேர்த்து வைப்பது கைப்பேசிக் குழுவா, நேரில் கூடும் ஒன்றுகூடலா?" இதுதான் தலைப்பு. நான் ஒன்றுகூடலின் பக்கம்.

எதிரணித் தலைவி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ரொறொன்ரோவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானச் சீட்டு, அங்கிருந்து வான் வாடகை, மண்டபம், சாப்பாடு, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ரீசேட். குழுவிலோ ஒரு சதம் செலவில்லை என்றார். கணக்கு சரி. அவர் கணித ஆசிரியை, பிழை விடமாட்டார். அடுத்து வந்தவர் இலக்கியத்துக்குப் போனார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்பாயிருந்தார்களாம், ஆகவே முகம் பார்க்கத் தேவையில்லையாம்.

ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாமலிருந்து, உயிர்விடத் துணிந்தபோது பிசிராந்தையார் பாண்டிநாட்டில் இருந்துகொண்டு "ஆழ்ந்த இரங்கல்" என்று அனுப்பிவிட்டுப் படுத்தாரா? வந்தார். உறையூருக்கே வந்தார். சோழனும் அவர் வருவார் என்று சொல்லித் தன் பக்கத்தில் இடம் வைக்கச் செய்திருந்தான். கண்ணால் காணாத நட்புக்கே கடைசியில் பக்கத்தில் ஒரு இடம் தேவைப்பட்டது. இன்னொன்று: அவருக்கு வயது போயும் தலை நரைக்கவில்லையாம். மனைவி மக்கள் நல்லவர்கள், அரசனும் நல்லவன் என்று காரணம் சொன்னார். எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு முப்பது வயதிலேயே நரைத்துவிட்டது. எங்கள் மனைவிமார் நல்லவர்கள்தான். மற்றதைப் பற்றி மேடையில் நான் கதைக்கவில்லை.

சரி, எங்கள் வகுப்புக்கு வருகிறேன். 1996 இல் நாங்கள் இதே கிளிநொச்சியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். அந்த ஆடி மாதக் கடைசியில் ஆனையிறவுப் பக்கமிருந்து இராணுவத்தின் படை நகர்வு தொடங்கியது. புரட்டாதி முடிவதற்குள் நகரமே கைமாறிவிட்டது. பிரியாவிடை விருந்தும் இல்லை, ஓட்டோகிராபும் இல்லை. இடம்பெயர்ந்து ஒருவன் அக்கராயனுக்கு, ஒருவன் ஸ்கந்தபுரத்துக்கு, ஒருத்தி மல்லாவிக்கு. என் மேசையில் இருந்தவனிடம் இரவல் வாங்கிய இரசாயனவியல் கொப்பி என்னோடு மூன்று இடம்பெயர்வு வந்தது. அதில் அவன் கையெழுத்து இருந்தது, ஆளைத்தான் காணவில்லை.

பிறகு 2002 இல், யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தது. அந்த நாலு வருடமும் எங்களுக்கு ஒன்றுகூடல் மண்டபம் எது தெரியுமா? முறிகண்டி. வவுனியாவிலிருந்து வரும் பஸ்ஸும் அங்கே நிற்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸும் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார், நாங்கள் கச்சான் வாங்குவோம். ஒருநாள் நான் கச்சான் சரையோடு திரும்புகிறேன், முதுகில் ஒரு அடி. "டேய், நீ உயிரோடதான் இருக்கிறியா?" கொப்பிக்காரன்! அவன் வடக்கே போகிற பஸ், நான் தெற்கே போகிற பஸ். கச்சானைப் பாதி பாதியாகப் பிரித்தோம். கோது உடைக்க நேரமில்லை, நடத்துநர் கத்தத் தொடங்கிவிட்டார். முழுதாக ஐந்து நிமிடம் இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் அவன் அப்பா இறந்தது, தங்கச்சி கலியாணம், அவன் தச்சு வேலை பழகுவது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. கொப்பியை அடுத்தமுறை தருகிறேன் என்றேன். 2006 ஆவணியில் பாதை மூடிவிட்டது.

கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இனிக் குழு. 2020 இல், கொரோனா ஊரடங்கு நேரம், கனடாவில் இருக்கிற ஒருவன் தொடங்கினான். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. 41 பேர் படித்த வகுப்பில் 26 பேரைத் தேடிப் பிடித்தான். முதல் கிழமை ஒரே அழுகை. இரண்டாம் கிழமை ரோசாப்பூவும் காலை வணக்கமும். மூன்றாம் கிழமை அரசியல். நாலாம் கிழமை "வெளியேறினார்" என்று மூன்று பேரின் பெயர். அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும், அதுவும் ஒருவர் போட்டதையே மற்ற எல்லாரும் பிரதி பண்ணிப் போடுவது. ஒருமுறை அந்த அவசரத்தில் மரண அறிவித்தலுக்குக் கீழே கேக் படம் போட்டவரும் உண்டு. அவர் இந்தச் சபையில் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

ஒன்றுகூடலில் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ரீசேட் அளவுக்கே எங்களுக்குள் சண்டை வந்தது. முதலில் ஒரு ஹோட்டல் மண்டபம் பேசி, தலைக்கு இவ்வளவு என்று காசு குறித்தார்கள். கூலிவேலை செய்கிற இரண்டு பேர் அன்றிலிருந்து ஒரு எழுத்தும் எழுதவில்லை. காரணம் விளங்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. விளங்கியதும் ஹோட்டலை விட்டுவிட்டோம். 2024 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்திருந்த நேரம், படித்த கல்லூரி வளவிலேயே வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டினோம். ஒருவன் தன் வயல் மொட்டைக்கறுப்பன் அரிசி கொண்டுவந்தான். ஒருவன் குளத்து விரால். முல்லைத்தீவுக்காரி ஒரு முட்டி எருமைத்தயிர். குழுவில் நாலு வருடம் யாரும் தொடாத ஒரு விசயம் இருந்தது: 41 பேரில் அந்த மிச்சப் பேர். சோறு வேகும்வரை நாங்கள் அவர்களைப் பற்றித்தான் கதைத்தோம். பாலைப்பழம் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்து, உதடு ஒட்டிப்போய் "வணக்கம் சேர்" சொல்ல முடியாமல் பிடிபட்ட ஒருத்தன் இருந்தான். அவனைச் சொல்லிச் சிரித்தோம், சிரித்து முடிய யாரும் அடுத்த கதை எடுக்கவில்லை.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீர்கள், தெரிகிறது. ஒரேயொரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு இருக்கிறேன்.

விசுவமடுப் பக்கம் ஒரு நண்பன். குழுவில் நாலு வருடமும் ஒரு சொல் எழுதியதில்லை. எதைப் போட்டாலும் பெருவிரல் உயர்த்திய படம் மட்டும். பிள்ளை பிறந்தாலும் பெருவிரல், வீடு குடிபுகுந்தாலும் பெருவிரல். "அவனுக்குத் தலைக்கனம் மச்சான்" என்று நாங்களே தீர்ப்பும் எழுதிவிட்டோம்.

அவன் ஒன்றுகூடலுக்கு மகளின் தோளில் கைவைத்துக்கொண்டு வந்தான். 2009 இல் ஒரு கண் போயிருக்கிறது, மற்றதில் நிழல்தான் தெரியுமாம். படலையடியில் நின்று என் குரலைக் கேட்டுத்தான் என் பெயரைச் சொன்னான். என்னால் உடனே ஒன்றும் பேச முடியவில்லை.

"அப்ப குழுவில வாறதெல்லாம்?" என்று கேட்டேன்.

"இவள்தான் வாசிப்பாள்."

பதின்னாலு வயதுப் பிள்ளை. நாங்கள் எழுதியதையெல்லாம் ஒவ்வொரு இரவும் தகப்பனுக்கு வாசித்திருக்கிறாள். நாங்கள் என்னென்ன எழுதினோம் என்று எங்களுக்குத் தெரியும். எல்லாருடைய முகமும் கறுத்துவிட்டது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள்தானே அந்தப் பகிடி மாமா? உங்கட ஒன்றையும் நான் வாசிக்கிறதில்லை. பெருவிரல் மட்டும் போட்டுவிட்டுத் தாண்டிவிடுவன்."